கறுப்பு வெள்ளையில் சுவாங் பெரியப்பா

குளிர்பான டப்பாக்களை ஆளுயரத்துக்கு அடுக்கி, உச்சியில் வெள்ளைப் பூ செருகிய கோபுரம் ஒன்று சுவாங் ஷுயி-மூவின் வாசலில் நின்றது.

தைவானின் தைனான் நகரில் இதை ஒரே காரணத்துக்குத்தான் அனுப்புவார்கள். வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும்.

செத்தவர் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"கவுன்சிலர் ஆபீஸ்லேருந்து வந்திருக்கு. ஓட்டு கேட்டு வந்தப்ப ஒரு தண்ணி பாட்டில்கூடக் குடுக்காத ஆளு. உள்ள வாம்மா."

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது ஜிங்-வென்னுக்கு. கையில் பன்றிக்கால் போட்ட சேமியா வைத்திருந்தாள். கெட்டது கழிய அதைத்தான் சாப்பிடக் கொடுப்பார்கள். இந்த வீட்டுக்குக் கெட்டதைக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

ஊரின் பழைய வீடுகளைப் பற்றிய இணையக் கட்டுரைக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்து அடுக்கியது அவள். இருந்ததிலேயே அழகான முகப்பு சுவாங் வீட்டினுடையது. தூண் முழுக்கப் பூவேலை. ஆனால் கூரையில் நீலத் தார்ப்பாய், வாசலில் ரோஸ் நிற பிளாஸ்டிக் முக்காலி, அதன் பக்கத்தில் பனியனோடு இவர். எப்படி வெட்டினாலும் தார்ப்பாய் போனால் முக்காலி வந்தது, முக்காலி போனால் தூண் போனது.

கடைசியில் எல்லாப் படங்களையும் கறுப்பு வெள்ளை ஆக்கினாள். தார்ப்பாய் அடங்கியது. வீட்டுக்கு ஒரே நொடியில் நூறு வயது கூடியது. வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்து, இந்தப் படத்தையே முதலில் வைத்தாள். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளவும் செய்தாள்.

கட்டுரையை ஆட்கள் கைபேசியில் பகிர ஆரம்பித்தபோது முதல் படத்தின் நடுப்பகுதி மட்டும் தானாக வெட்டப்பட்டுப் போனது. அதில் வீடு இல்லை. பெரியவரின் முகம் மட்டும் கறுப்பு வெள்ளையில் இருந்தது.

வயதானவர் முகத்தை அப்படித் தனியாக வைப்பது சவப்பெட்டிக்கு முன்னால்தான். கட்டுரையைத் திறந்து படிக்க யாருக்குப் பொறுமை? முகத்தைப் பார்த்தார்கள், உச்சுக்கொட்டினார்கள், அடுத்தவருக்கு அனுப்பினார்கள்.

ஜிங்-வென் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். வழக்கம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அத்தனை நேரம் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டியும் அவள் தூணைத்தான் பார்த்தாள், மனிதரைப் பார்க்கவில்லை.

உள்ளே தொலைபேசி அடித்தது. பெரியவர் சேமியாவை அப்படியே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"இருக்கேன், இருக்கேன். உசுரோடதான் பேசுறேன். நீ சாப்பிட்டியா?"

வந்து உட்கார்ந்து ஒரு வாய் வைப்பதற்குள் மறுபடி அடித்தது. மறுபடி ஓடினார். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மணியும் தன் கன்னத்தில் விழுந்த அறை போல இருந்தது அவளுக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எல்லாம் என்னாலதான் பெரியப்பா. மன்னிச்சிருங்க. கலர்ப் படம் கொண்டாந்திருக்கேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க, இங்கயே மாத்திடுறேன்."

கைபேசியை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "ஒரு சட்டையாவது போடச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சிரித்தார். தார்ப்பாயும் முக்காலியும் பளிச்சென்று தெரிகிற ஒரு படத்தில் விரலை வைத்தார். அதில் அவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் அதை முதல் இடத்தில் வைத்தாள். பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

பெரியவர் உள்ளங்கையால் திரையை மூடினார்.

"ரெண்டு நாள் போகட்டும்மா."

அவளுக்குப் புரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது. சேமியாவைப் பார்த்தே பேசினார்.

"பொண்ணு வான்கூவர்லேருந்து பேசுனா. அவ குரலைக் கேட்டு மூணு வருசமாச்சு. அழுதா. பெரியவன் சனிக்கிழமை பிள்ளைங்களோட வரேன்னிருக்கான். சின்னவன்தான் இன்னும் பாக்கல போல."

"நம்பரைக் குடுங்க பெரியப்பா. நானே பேசிச் சொல்லிடுறேன்."

"அவன் நம்பர் என்கிட்ட ஏதும்மா? சண்ட போட்டுட்டுப் போனதோட சரி. ஷின்ஜுவுல ஏதோ ஃபேக்டரின்னு சொன்னாங்க."

உள்ளே தொலைபேசி சும்மாயிருந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு, கடன் கேட்பவரைப் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கறுப்பு வெள்ளப் படத்த ஷின்ஜு பக்கம் இன்னும் நாலு பேருக்கு அனுப்ப முடியுமாம்மா?"