நான் செருகிய மரக்கட்டை

பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலை. கம்ப்ரசரை நிறுத்தியாயிற்று. வாயுக்குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில், வெல்டர் பச்சைமுத்து கசிவு பார்க்கத் தடவிய சோப்பு நுரை மட்டும் மெல்லக் கொப்பளிக்கிறது. ஜன்னல் வெயிலில் ஒவ்வொரு குமிழியும் நிறம் மாறி உடைகிறது. நுரைக்கு அடியில், கிளைக்குழாயின் கழுத்தில் மயிரிழை விரிசல். "என் வெல்டிங்தான் மேடம் சரியில்ல," என்கிறான். மேனேஜர் தாரணி சிரிக்கவில்லை. "ரெண்டாவது தடவை விரிசல் விடுது. வெல்டிங் வெச்சியா, கோந்து வெச்சு ஒட்டினியா? நாளையிலேர்ந்து வராதே." பராமரிப்புப் பொறியாளனான நான் பக்கத்தில் நிற்கிறேன். போன மாதம் வாயுக்குழாய் தடதடத்தபோது, அதற்கும் சுவருக்கும் நடுவில் மரக்கட்டையை இறுக்கிச் செருகியவன் நான். சத்தம் அடங்கியது; தாரணியே பாராட்டினார். ஆனால் ஓரிடத்தில் இறுக்கிப் பிடித்தால் குழாய் ஆடும் விதமே மாறிவிடும். கம்ப்ரசரின் ஒவ்வொரு துடிப்புக்கும், அழுத்தமானி மாட்டிய இந்த ஒல்லிக் கிளைக்குழாய் தலையை ஆட்டியிருக்கிறது. திரும்பத் திரும்ப வளைத்த கம்பியைப் போலக் கழுத்தில் விட்டுப்போயிருக்கிறது. வெல்டிங்கில் குறையே இல்லை. தாரணி என்னிடம் ரிப்போர்ட்டை நீட்டுகிறார். காரணம்: வெல்டிங் குறை. கீழே என் கையெழுத்துக்கு இடம். காகிதத்தை வைத்து எழுத மேசை தேடுகிறேன். பச்சைமுத்து திரும்பிக் குனிந்து முதுகைக் கொடுக்கிறான். "அசையாம நிக்கிறேன், போடுங்க சார்."