படிக்கட்டுக்கு அடியில்

கிளைட் மூன்றாவது பலகையைப் பெயர்த்ததும் நாற்றம் குப்பென்று மேலே வந்தது.

மாவிஸ் கம்பளிச் சட்டையின் கழுத்தை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

பத்து நாளாக இதே நாற்றம். பனி உருகியதிலிருந்து பின்வாசலில் நிற்க முடியவில்லை. காப்பி போட்டால் காப்பியிலும் அந்த வாடைதான். படிக்கட்டும் மக்கிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக் கிளைடைக் கூப்பிட்டு, இரண்டையும் ஒரேயடியாக முடித்துவிடச் சொல்லியிருந்தாள்.

“சிப்மங்க் வளை,” என்றான் கிளைட், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. “வாசல்ல ஒரு பிடி மண்ணாவது கிடக்குதா பாரு. தோண்டுன மண்ணையெல்லாம் கன்னத்துல அடக்கி எங்கேயோ கொண்டுபோய்த் துப்பிட்டு வந்துடும். திருட்டுப்பய புத்தி.”

மாவிஸுக்கு அந்த அணில் சாதிப் பிராணியைக் கண்டாலே ஆகாது. முதுகில் கறுப்புக் கோடுகள், பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல் உப்பிய கன்னங்கள். அவள் கண்ணுக்கு அது கோடு போட்ட எலி. தம்பி எல்லரிக்குத்தான் அதன்மேல் உயிர். அவன் மடியில் ஏறிக்கூட உட்கார்ந்திருக்கிறது.

கிளைட் ஒரு கை ஆழம் தோண்டினான்.

முதலில் வந்தது காய்ந்த இலைப்படுக்கை. நடுவில், மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு, பந்துபோல் அது சுருண்டு கிடந்தது.

வயிறு லேசாக அசைந்தது. உயிர் இருக்கிறதோ என்று குனிந்தாள். அசைந்தது புழு.

திரும்பிப் புல்லில் துப்பினாள்.

“கரடி மாதிரி கொழுப்பு ஏத்திக்கிட்டுக் குளிர்காலத்தத் தள்ளுற சாதி இல்ல இது,” என்றான் கிளைட். மண்வெட்டியால் அதை அள்ளிச் சாக்கில் போட்டான். “நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா முழிச்சு, சேத்து வச்சதத் தின்னுட்டு மறுபடி தூங்கும். தின்னதுல ஏதோ ஒத்துக்கல போல.”

பக்கத்திலேயே சேமிப்பு அறை இருந்தது. ஓக் மரக் கொட்டைகள், மேப்பிள் விதைகள், சூரியகாந்தி விதைகள், ஒரு கூடை தேறும். அவற்றுக்கு நடுநடுவே, கறுப்பும் பச்சையுமாக மயிர் முளைத்த உருண்டைகள்.

குட்டிகள் செத்துக் கிடக்கின்றன என்றுதான் மாவிஸ் நினைத்தாள்.

கிளைட் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். பூசணம் பிளந்து, கெட்டுப்போன வேர்க்கடலை வெண்ணெய் பிசுபிசுவென்று விரலில் வழிந்தது. ரொட்டி. ரொட்டிக்கு நடுவில் மஞ்சளாக ஒரு மாத்திரை.

அடுத்ததைப் பிளந்தான். அதிலும் ஒன்று.

அதற்கடுத்ததிலும்.

மேல்பூச்சுக்கூட அழியவில்லை.

மாத்திரையில் பொறித்திருந்த எழுத்தை மாவிஸ் படிக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன், இருபத்திரண்டு வயதில் எல்லரியின் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து, அவனை மனிதனாக வைத்திருந்தது இந்த மஞ்சள் மாத்திரைதான். போன கோடையில் திடீரென்று அதை விஷம் என்றான். வாயைத் திறக்க மறுத்தான். அதனால்தான் ரொட்டிக்குள் ஒளித்து வைக்க ஆரம்பித்தாள்.

இலையுதிர் காலத்தில் அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். டாக்டர் அளவைக் கூட்டினார். ஜன்னலை உடைத்தான். இன்னும் கூட்டினார். மார்ச் மாதம் அவரும் கையை விரித்துவிட்டார். இந்த மருந்து இனி அவன் உடம்பில் வேலை செய்யாது என்றார்.

மூன்று வாரத்துக்கு முன் இரண்டு பேர் வந்து, கதவுகளை வெளியிலிருந்து பூட்டும் ஒரு விடுதிக்கு அவனைக் கூட்டிப்போனார்கள். வண்டிவரைக்கும் அவன் அவள் சட்டைக் கையை விடவேயில்லை. ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்துவிட்டாள். மருந்தே கைவிட்ட பிறகு அக்கா என்ன செய்ய முடியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

“பாவிப்பய,” என்றான் கிளைட். “அத்தனையும் இதுக்கு ஊட்டியிருக்கான்.”

மாவிஸ் முழங்காலிட்டு வெறுங்கையைக் குழிக்குள் விட்டாள். நகக்கண்ணில் பூசணம் ஏறியது. மணிக்கட்டில் ஒரு புழு நெளிந்தது. அதை உதறக்கூட இல்லை. ஒரு உருண்டை விடாமல் பொறுக்கிக் காப்பி டப்பாவில் போட்டாள்.

கையைக் கழுவாமலே உள்ளே போய் விடுதிக்குப் போன் செய்தாள். நர்ஸ் எடுத்தாள்.

“மருந்து பொய்க்கலம்மா. அது அவன் வயித்துக்குள்ள போகவே இல்ல. டப்பாவோட இப்பவே கிளம்பி வர்றேன். டாக்டரை இருக்கச் சொல்லுங்க.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“தினமும் பக்கத்துல உக்காந்து, அவர் முழுங்குறதைப் பார்த்துட்டுத்தான் எழுந்திருப்பேன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?”

மாவிஸ் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

“பொய்,” என்றாள். “அப்படியே எழுதிக்குங்க. தட்டைப் படியில வச்சிட்டு, உள்ள வந்து ரேடியோவைச் சத்தமா வச்சுக்குவேன். பல்லு போன வாயால அவன் மெல்லுறதைப் பார்த்தா எனக்குக் குமட்டும்.”