பிரேக் லைட் விசாரணை

“லைட் வரல சார்,” என்றார் செக்யூரிட்டி, டிரெய்லருக்குப் பின்னால் குனிந்தபடி.

பிக்கப்பின் ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஸ்ரீகண்டனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. காலையிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

ஸ்ரீகண்டன் சர்ஜாபூர் சாலையோர அடுக்ககம் ஒன்றின் சங்கத் தலைவர். வீட்டு வாசல் பலகையில் ‘முதன்மைப் பொறியாளர், மின்சாரம்’ என்று இருக்கும். ‘ஓய்வு’ என்பது அதன் கீழே, எறும்பு அளவில்.

சங்கத்துப் பிக்கப்புக்குப் பதினாறு வயது. தண்ணீர்த் தொட்டி டிரெய்லரை இழுத்துக்கொண்டு நாளுக்கு நான்கு நடை போகும். ஒன்பது வருடமாக ஓட்டுகிறவன் சுனில். பம்ப் அறைக்குப் பின்னால் சங்கம் கொடுத்த ஒற்றை அறையில்தான் அவன் குடித்தனம்.

இன்று காலை தலைவர் திடீர்ச் சோதனை நடத்தினார். தானே ஏறி அமர்ந்து பிரேக்கை அமுக்கினார். பின்னால் ஒரு சிவப்பும் எரியவில்லை. நேற்று வரை எரிந்தது என்று சுனில் சொன்னது பொய் என்று அங்கேயே தீர்ப்பாயிற்று.

‘எரியாத விளக்கு. பஞ்சாக இறங்கும் பிரேக். இரண்டையும் மறைத்த ஓட்டுநர் இன்றோடு நீக்கப்படுகிறார். அறையைக் காலி செய்வார்.’ அறுபத்திரண்டு வீடுகளின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். நாற்பது வீடுகள் கட்டைவிரலை உயர்த்தின. இரண்டு வீடுகள் சல்யூட் அடித்தன.

சுனில் கெஞ்சவில்லை. மர்பி டவுனில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் தாய்மாமன் சின்னப்பாவைக் கூட்டி வந்தான். லைட் எரிந்துவிட்டால் வேலை தங்கும் என்று தலைவரை ஒத்துக்கொள்ள வைத்தான்.

தலைவரும் ஒரு நிபந்தனை போட்டார். சுனில் வண்டியைத் தொடக் கூடாது. மாமனும் கேபினுக்குள் கை வைக்கக் கூடாது. மாமன் மருமகன் கூட்டு எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியாதா. பெடலை அவரே அமுக்குவார்.

சின்னப்பா டிரெய்லர் பிளக்கைப் பிடுங்கி, ஊசி ஊசியாகச் சுரண்டினார். டெஸ்டர் பல்பை வைத்துப் பார்த்தார். எர்த் போல்ட்டின் மேல் விரற்கடை கனத்துக்குப் பச்சை பெயிண்ட் இருந்தது. ஆயுத பூஜைக்கு, ஒரு திருகாணி விடாமல் அடிக்கச் சொல்லித் தலைவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்த பெயிண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் மங்கிக் கிடந்த டெயில் லைட் இரண்டும் பளிச்சென்று வந்தன.

“எர்த்தைப் பத்தி எனக்கே பாடமா? பதினோரு சப்ஸ்டேஷன் கட்டினவன் நான்.”

“கட்டுனீங்க சார். யார் இல்லன்னா? பிரேக்க அமுக்குங்க.”

“அமுக்கிட்டுத்தான்யா இருக்கேன்.”

“வரல சார்.”

பானெட்டைத் திறந்து பிரேக் சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் சேர்த்துப் பிடித்தார் சின்னப்பா. பிக்கப்பில் இரண்டு, டிரெய்லரில் இரண்டு, நான்கும் சிவந்தன. ஒயரில் குற்றமில்லை. அப்படியானால் சுவிட்ச்தான். பெட்டியிலிருந்து புதியதை எடுத்துப் பூட்டினார்.

“வரல சார்.”

சங்கத்துச் செயலாளர் போன் செய்து, மேல் தொட்டியில் அடி தெரிகிறது, நாலு மணி நடை வருமா வராதா என்று கேட்டார். தொழில்நுட்ப ஆய்வு நடக்கிறது, தொந்தரவு செய்யாதீர் என்று ஸ்ரீகண்டன் வைத்துவிட்டார். பிறகு, உன்னை மாதிரி ஆள்களை என் ஆபீசில் வாசலோடு அனுப்பிவிடுவேன் என்று சின்னப்பாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

சின்னப்பாவுக்கு அது புரிந்தது. அவர் மருமகனைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல் தடவையாகச் சந்தேகம் இருந்தது.

“டேய், நெஜமாவே நேத்து எரிஞ்சுதா?”

சுனில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சின்னப்பா ஒயரை மறுபடி முதலிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். கேபின் பக்கம் வந்ததும் நின்றார். தலைவர் கதவைத் திறந்து போட்டு, காற்று வாங்கியபடி அமுக்கிக்கொண்டிருந்தார்.

சின்னப்பா வெகு நேரம் கீழேயே பார்த்தார்.

ஸ்ரீகண்டனின் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ, கிளட்சின் மேல், தரை தட்டும் வரைக்கும் நாணயமாக அமுங்கியிருந்தது.

அரசாங்கம் அவருக்கு முப்பத்தொரு வருடம் ஜீப்பும் கொடுத்தது, டிரைவரும் கொடுத்தது. இந்தப் பக்கத்துக் கதவு வழியாக அவர் ஒரு வண்டியில் ஏறியதே இன்று காலைதான்.

“சார்,” என்றார் சின்னப்பா, குரலைத் தாழ்த்தி. “நடுவுல இருக்கறத அமுக்குங்க.”

“வந்துச்சு சார். நாலும் வந்துச்சு.” செக்யூரிட்டிக்கு மட்டும் சந்தோஷம்.

ஸ்ரீகண்டன் இறங்கினார். புது சுவிட்ச் என்றால் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கத்தான் செய்யும் என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார். போனை எடுத்துக் குழுவில் போட்டார்: ‘மின்பழுது என் நேரடிப் பார்வையில் கண்டறிந்து நீக்கப்பட்டது. ஓட்டுநர் மன்னிக்கப்படுகிறார்.’ சல்யூட்டுகள் வரத் தொடங்கின.

சாவியை நீட்டினார். நாலு மணி ஆகப்போகிறது, கிளம்பு என்றார்.

சுனில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சின்னப்பா பெட்டியை மூடிக்கொண்டு, தன் ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். மாடியிலிருந்து யாரோ, குழாயில் காற்றுதான் வருகிறது என்று கத்தினார்கள்.

“இன்னும் ஒரு வரி பாக்கி சார்,” என்றான் சுனில். “எந்த பெடல்னு குரூப்புல எழுதுங்க. அப்புறம் சாவிய வாங்கிக்கிறேன்.”

ஸ்ரீகண்டன் சாவியைப் பார்த்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். உள்ளே இருந்த மூன்று பெடல்களையும் பார்த்தார்.

பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், ‘கி’ என்று தட்டினார்.