வேலிக்குள் ஒரு பாறைமணி

ஒரு மலைச்சரிவில், கம்பிவேலிக்குள், பாறைமணி என்றொரு ஊதாப்பூச்செடி தன்னந்தனியாக நின்றது. வேலிக்கு வெளியே தும்பை கூட்டம் கூட்டமாகப் பூத்துக் கிடந்தது.

பாறைமணிக்கு வாய் சும்மா இருக்காது. "நீ துளசி வகையறா. ரோட்டோரம், வயக்காடு, குட்டிச்சுவர், எங்கே பார்த்தாலும் உன் சொந்தக்காரங்கதான். என் இனத்துக்கு உலகத்துலயே இந்த ஒரு சரிவுதான். அழியப்போற பூக்கள் பட்டியல்ல முதல் பெயர் என்னுது, தெரியுமா?"

"சரிக்கா, நீங்க பெரிய இடம்தான்," என்று தும்பை தலையாட்டும்.

வருஷா வருஷம் ஆராய்ச்சிக்காரி எஸ்தர் வருவாள். வேலிக்குள் மட்டும் எட்டிப் பார்த்து, "ஒன்று" என்று உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டு போவாள். அதைக் கேட்டதும் பாறைமணி விறைப்பாக நிமிரும். அவள் போன பிறகு இரண்டு நாள் யாரோடும் பேசாது.

இந்த வருஷம் எஸ்தர் பனிமூட்டத்தில் வழி தவறி, மலையின் மறுபக்கமாகச் சுற்றி, முழங்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தாள். வந்ததும் கைபேசியில் கத்தினாள்: "அந்தப் பக்கம் நாற்பது பாறைமணி நிக்குது சார்! பட்டியல்ல கீழே இறக்கிடலாம்!"

தும்பைக்குச் சங்கடமாகிவிட்டது. "விடுங்கக்கா. பட்டியல் கிடக்குது. எங்களுக்கு நீங்க எப்பவும் பெரிய இடம்தான்," என்றது.

பாறைமணி அதைக் காதில் வாங்கவே இல்லை. இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்று 'அப்பாடா' என்று வெளியே வந்தது. பிறகு, தும்பை இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டது:

"ஏன்டி, உன்கிட்ட தினமும் வருமே அந்தத் தேனீ, அது மறுபக்கம் வரைக்கும் பறக்குமா?"