வட்டத்தில் நீலம்

வீட்டு மென்பொருள் மாதமொருமுறை அனுப்பும் அறிக்கை ஞாயிறு காலை வந்தது. அதில் தண்ணீர்ச் செலவைக் காட்டும் வண்ண வட்டத்தைப் பார்த்து மாசிலாமணி சிரித்தார். மனைவி தில்லைநாயகியின் குளியலறைக்கு மஞ்சள், அவருடையதற்கு நீலம்.

"பாத்தியா, உன்னுதுல பாதிகூட இல்ல."

"குளிச்சாத்தானே," என்றாள்.

செவ்வாயன்று அவர் இறந்துபோனார்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின், அடுத்த அறிக்கையை நினைத்தே அவளுக்குப் பயமாக இருந்தது. ஒற்றை நிறத்தில் வட்டம் எடுப்பாக இல்லையென்று மென்பொருள் வேறு படம் போட்டுவிடும். எதிர்வீட்டுக்காரர் போனபின் அங்கே அப்படித்தான் செய்தது. தினமும் காலையில் அவரது குளியலறைக்குப் போய், அவருடைய வழக்கமான இரண்டு வாளித் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

அறிக்கை வந்ததும், அதைத் தன் போனிலும் பார்த்த மகன் அழைத்தான். "அம்மா, அப்பா பாத்ரூம்ல குழாய் ஒழுகுதா? நீலம் வந்திருக்கே."

"ஒழுகலப்பா."

"சரிம்மா," என்று வைத்துவிட்டான். அவள் வட்டத்தை மறுபடி பார்த்தாள். நீலம் இப்போதும் மஞ்சளில் பாதிகூட இல்லை.