காயப் போட்ட செடி

விரலை மண்ணுக்குள் விட்டான்.

ஈரம்.

விரல் நுனியில் உடைந்த அரிசி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அரிசி கழுவிய தண்ணீர். அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து ஊற்றியிருக்கிறாள்.

"அம்மா!"

எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். அவன் விரலைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எத்தனை தடவ சொல்லிருக்கேன்? எத்தனை தடவ?"

"தலையத் தொங்கப் போட்டு நிக்குல்லாய்யா."

"நிக்கட்டும்."

"நிக்கட்டும்னா? ஒரு உசுரு தண்ணி தண்ணின்னு நிக்கத எப்படிய்யா பாத்துட்டு இருக்கது? அப்படியே பூத்தாலும் என்னத்துக்கு ஆவப் போவுது? சாமிக்கும் ஆவாது, தலைக்கும் ஆவாது."

அரிசியைச் சுண்டி எறிந்தான். போதவில்லை. பக்கத்தில் கிடந்த வாளியை உதைத்தான். அது கேட் வரை உருண்டு போய்ச் சத்தம் போட்டது.

காகிதப்பூச் செடி. சிமெண்ட் தொட்டியில், இடுப்பு உயரம். முள்ளும் இலையுமாகக் கொழுத்து நின்றது.

பூ இல்லை. இதுவரை ஒன்றுகூட இல்லை.

வினோதினி வைத்தது. அரளி, இட்லிப்பூ, குரோட்டன்ஸ், எல்லாமே அவன் மனைவி வைத்ததுதான். கல்யாணமாகி வந்த புதிதில் நர்சரிக்காரனைக் குடைந்து குடைந்து, எந்த வெயிலுக்கும் சாகாத செடிகளாகப் பார்த்து வாங்கினாள்.

சொன்னபடியே எதுவும் சாகவில்லை.

அதுவும் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

"இதுக்குச் சொகம் காட்டக் கூடாதுங்க," என்பாள், காகிதப்பூவை. "தண்ணியக் கண்டா இலையாத் தள்ளிட்டுச் சும்மா இருக்கும். காயப் போடணும். செத்துருவோம்னு பயம் வரணும். அப்பதான் பூக்கும்."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் தலையை வெளியே நீட்டினாள்.

"யாரும் தண்ணி ஊத்திராதீங்க. நான் வரதுக்குள்ள பூத்துரும்."

வீட்டைப் பார்த்துக்கொள்ள அம்மா ஊரிலிருந்து வந்தாள். வந்த அன்றே ஊற்றினாள்.

வினோதினியைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியபோது செடி தளதளவென்று பச்சையாக நின்றது.

அதிலிருந்து இதே சண்டைதான். அவன் காயப் போடுவான். இலை தொங்கும். அம்மாவுக்குப் பொறுக்காது.

ஒரு தடவையாவது அது பூத்தாக வேண்டும். அவள் சொன்னது சரி என்று ஆக வேண்டும். வேறு எதையும் அவன் யாரிடமும் கேட்கவில்லை.

தொட்டியைக் கட்டிப்பிடித்து இழுத்தான். தரையைக் கீறிக்கொண்டு வந்தது. முள் முழங்கை வரை கிழித்தது. தன் அறை ஜன்னலுக்கு நேரே கொண்டுபோய் வைத்தான்.

எதிர்வீட்டு வாத்தியார் கேட்டில் கை வைத்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, செடிக்கு விரதமா? எந்தச் சாமிக்கு?"

கேட்டை அறைந்து சாத்தினான். அவர் விரல் தப்பியது.

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. மறுநாள் துவைத்த சேலையைப் பிழியாமலே கொடியில் போட்டாள். கொடி தொட்டிக்கு மேலே ஓடியது. சேலை நுனியிலிருந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

கத்தியை எடுத்து வந்து கொடியை அறுத்தான். சேலை மண்ணில் விழுந்தது. அவள் எடுத்துக்கொண்டு போய் மறுபடி துவைத்தாள்.

அதன் பிறகு செடிப் பக்கமே வரவில்லை. சோற்றை மேஜையில் மூடி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவாள்.

வெயில் காய்ந்தது. மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியது. இலைகள் சோர்ந்தன. மடங்கின. கொப்பு கொப்பாகத் தொங்கின.

அவன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், கண்டான்.

வாடிய கொப்பின் நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி. மிளகு அளவு. அடுத்த கொப்பிலும். அதற்கடுத்ததிலும்.

மொட்டு.

இன்னும் கொஞ்ச நாள்தான். இப்போது தண்ணீர் கண்டால் எல்லாம் உதிர்ந்துவிடும். அதையும் வினோதினி சொல்லியிருக்கிறாள்.

வெளியே போய்த் தொட்டி அருகில் குந்தினான். இலை ஒன்றைத் தொட்டான்.

காய்ந்து, விளிம்பு சுருண்டு, உதடு போல இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் அவள் உதடு இப்படித்தான் இருந்தது.

"ஒரு மூடி மட்டும். நனைச்சுக்கிடுதேன். முழுங்க மாட்டேன்."

பாட்டில் மூடியைச் சொன்னாள். ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவன் படித்தவன். பாட்டிலை எடுத்து, அவள் கண்ணில் படாமல், கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். அப்படியே உள்ளே போனாள்.

அவன் எழுந்தான்.

அடுப்படிக்குள் போய்க் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கினான். அம்மா ஏதோ கேட்டாள். அவளை இடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

சாய்த்தான்.

மண் முதலில் வாங்கவில்லை. தண்ணீர் மேலேயே நின்று வெயிலில் மின்னியது. பிறகு உள்ளே எங்கோ குமிழி உடைந்தது. சரசரவென்று இறங்கியது.

"குடி," என்றான்.

மேலும் சாய்த்தான்.

"குடி."

குடம் காலியானது. அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் பார்வை கொப்பு நுனிகளில் இருந்தது. அவளுக்கும் அந்தச் சிவப்பு தெரிந்துவிட்டது.

"பூக்கப் போவுதுய்யா," என்றாள் மெதுவாக.

அவன் குடத்தை அவள் பக்கம் நீட்டினான். குரல் மட்டும் அதே கோபத்தில் இருந்தது.

"என்ன பாத்துட்டு நிக்க? இன்னொரு குடம் கொண்டா."