நாலாவது வயல்

அரிவாளைக் கீழே போடாமல் வரப்பின் குறுக்கே நின்றார் உத்திராபதி. அவருக்குப் பின்னால் ஓர் ஏக்கர் நெல் மஞ்சளாக, ஒரு தாள்கூடச் சாயாமல் நின்றது.

"என் வயல்ல யாரும் இறங்கக் கூடாதுங்க. வேற நம்பர் எடுத்துக்கங்க," என்றார்.

வெற்றிச்செல்வி கையில் அளவு நாடாவும் நான்கு முளைக்குச்சிகளுமாக நின்றாள். புள்ளியியல் ஆய்வாளராகத் தா.பழூர் பக்கம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் கூட்டி வந்த அறுப்பு ஆட்கள் அவர் நின்ற நிலையைப் பார்த்ததுமே பின்வாங்கி, வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

மார்கழி மழையில் அந்த ஊர் வயல்கள் பத்து நாள் தண்ணீரில் கிடந்தன. பயிர்க் காப்பீடு உண்டா இல்லையா என்பதை ஊரின் சராசரி விளைச்சல்தான் முடிவு செய்யும். இருநூறு வயலையும் அறுத்து எடை போட முடியாது. அதனால் குலுக்கல் போலக் கணினி நான்கு சர்வே எண்களை எடுத்துக் கொடுத்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் அறுத்து, அடித்து, தூற்றி, எடை பார்க்க வேண்டும்.

மூன்று வயல் முடிந்துவிட்டது. எதிலும் ஆறு கிலோவைத் தாண்டவில்லை. நாலாவது எண் உத்திராபதியுடையது. மேட்டில் இருந்ததால் மூழ்காமல் தப்பிய ஒரே வயல். அதில் பதினாலு, பதினைந்து கிலோ வந்தால் சராசரி ஏறிவிடும். ஊர் மொத்தத்துக்கும் இழப்பீடு போய்விடும்.

அதற்குள் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். முன்னால் வந்தவர் நல்லுசாமி, குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கரும் அழுகிப்போனவர். அவர் சத்தம் போடவில்லை. பக்கத்து வயலைக் காட்டி, அதை அறுத்துக்கொண்டு போனால் யார் கேட்கப் போகிறார்கள் என்றார். வயல் நல்லா விளைந்த மனுஷனே ஊருக்காகக் குறுக்கே நிற்கும்போது உங்களுக்கு ஏன் இரக்கம் வரவில்லை என்றும் கேட்டார்.

இன்றைக்கு அவள் அழுகிய வயலாகப் பார்த்துச் சேர்த்தால், அடுத்த வருஷம் இன்னொருவர் விளைந்த வயலாகப் பார்த்துச் சேர்ப்பார். யாருடைய விருப்பமும் கலக்காத எண் என்பதால்தான் நாலு வயலை வைத்து ஓர் ஊரைச் சொல்ல முடிகிறது. அதை எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற நிலையில் யாரும் இல்லை. யாரோ அவள் ஸ்கூட்டியிலிருந்து சாவியை உருவிக்கொண்டார்கள்.

"நம்பர மாத்த மாட்டேங்க. சாவிய வச்சுக்கங்க, நடந்தே போயிடுறேன். ஆனா அறுத்துட்டுத்தான் போவேன்." அவள் கால் நகரவில்லை.

உத்திராபதி அவளையே பார்த்தார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தவர் போல, அறுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் மோட்டார் கொட்டகைப் பக்கமாக அறுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த மூலையில் கதிர்கள் நன்றாகத் தலை கவிழ்ந்திருந்தன. மற்ற இடமெல்லாம் நேராக நிமிர்ந்து நின்றன. அது புது ரகம், கதிர் கவிழாது என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார்.

அறுக்கும் இடமும் குலுக்கலில் வந்ததுதான் என்று அவள் மறுத்துவிட்டாள். தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இருபத்தாறு காலடி, அகலவாக்கில் பதினொரு காலடி. அவர் விரல்கள் அரிவாள் பிடியில் இறுகின. அவள் அவரைத் தாண்டி வயலில் இறங்கினாள். அரிவாள் உயரவில்லை.

முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். ஆட்கள் தயங்கித் தயங்கி வந்து அறுத்துத் தார்ப்பாயில் அடித்தார்கள். கூட்டம் சுற்றி நெருக்கியது.

முறத்தால் தூற்றத் தொடங்கியதும் பதர் பறந்தது. பறந்துகொண்டே இருந்தது. பூக்கிற நேரத்து மழையில், நிமிர்ந்து நின்ற அந்தக் கதிர்களில் மணியே பிடிக்கவில்லை. தராசில் இரண்டு கிலோ நானூறு. நான்கு வயல்களில் ஆகக் குறைந்த எடை அதுதான்.

நல்லுசாமி ஒரு கதிரை உருவிக் கசக்கி ஊதினார். உள்ளங்கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு பெண் வெற்றிச்செல்வியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாவி திரும்பி வந்தது. யாரோ தராசைப் படம் பிடித்து, உத்திராபதி வயல் என்று பெயரும் போட்டு, வாட்ஸ்அப்பில் நாலு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

உத்திராபதி மட்டும் வரப்பில் உட்கார்ந்திருந்தார். வெற்றிச்செல்வி படிவத்தோடு அவரிடம் போனாள். அவருக்கும் சேர்த்துத்தானே இழப்பீடு வரும், பதர் என்று தெரிந்தும் ஏன் மறைத்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"எம் பொண்ணப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, இந்த வயலப் பார்த்துட்டுத்தாம்மா சரின்னாங்க."